குப்பிக்குள் இருந்த தகப்பன்

அவர் கவனமாகத் தூக்கிப் பிடித்த பொருள் என்று நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். ஊறுகாய் ஜாடியைவிடச் சற்று உயரமான ஒரு கண்ணாடிக் குப்பி. அதற்குள், மஞ்சள் பாரித்துப்போன ஃபார்மலினில், பென்சில் பருமனுக்கு ஒரு குழல்மீன் செங்குத்தாக நின்றுகொண்டிருக்கும். வெளியே கிளம்பும்போது அதைத் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்து, ஒரு கையை அடியில் முட்டுக் கொடுத்து எடுத்துப்போவார். டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள், "குடு சார், மடில வெச்சிக்கிறேன்" என்று கேட்டால் கொடுக்க மாட்டார். "வாணாம்பா, ஆட்டம் குடுக்கக் கூடாது" என்பார். தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, பேத்தி என்று வீட்டில் தூக்கவேண்டியவை நிறைய இருந்தன. அவற்றுக்கெல்லாம் அவருக்கு முதுகு வலி.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், ஏரிக்கரையை ஒட்டிய ஊர் அது. கல்யாணமாகி நான் போய்ச் சேர்ந்த வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே மதில். மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'சார்'. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் இங்கே வேண்டாம். எழுதும்போதே, பெரியவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று ஒரு தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தில்தான் அவர் அத்தனை வருடம் பிழைத்தார் என்றும் தோன்றுகிறது. எழுதிவிடுகிறேன்.

நான் வந்து இரண்டாம் நாளே மதில் மேல் முகம் தெரிந்தது.

"இன்னாம்மா, நீயும் ஜுவாலஜியாமே?"

"ஆமா சார். காஞ்சிபுரத்துல படிச்சேன்."

"அப்டின்னா நம்ம மீன் பாட்டிலப் பாக்கணும் நீ. வா, வா."

போனேன். டிவிக்கு மேலே, மற்ற வீடுகளில் சாமி படம் இருக்கிற இடத்தில், குப்பி இருந்தது. தொடப்போனேன். "தூரத்துலேர்ந்து பாரும்மா. கைரேகை பட்டா கிளாஸ் மங்கிடும்" என்றார். பிறகு நின்ற இடத்திலேயே பேச ஆரம்பித்தார். நான் ஒருத்திதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனாலும் மைக் முன்னால் பேசுகிறவர் போலப் பேச்சு மாறியது. கீது, வந்துகினு என்ற ஊர்ப்பேச்செல்லாம் போய்விட்டது.

"இந்த மீனுக்குச் செதில் கிடையாது. தோலுக்கு அடியில் எலும்பு வளையங்கள், கவசம் போல. பல் கிடையாது. வாய் ஒரு குழாய். அதன் நுனியில் சின்னத் திறப்பு. பக்கத்தில் வரும் நுண்ணிய இறால் குஞ்சை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். முகத்துவாரத்திலும் கரையோரக் கடலிலும் கடற்புல் நடுவில் வாழ்கிறது. ஆபத்து என்றால் புல்லோடு புல்லாக நின்றுவிடும். இதுவெல்லாம் பெரிதில்லை. பெரிது எது?"

யாராவது 'எது' என்று கேட்டாக வேண்டும். நான் கேட்டேன்.

"பெண் முட்டையிடுவது ஆணின் பையில். வாலுக்கு அடியில், தோல் இரண்டு பக்கமும் மடிந்து உண்டான பை. உள்ளே இருக்கும் குஞ்சுகளுக்கு மூச்சும் உணவும் தகப்பன் உடம்பிலிருந்து. சுமப்பவன் தகப்பன். பெறுபவன் தகப்பன். இதோ, அந்தப் பை."

சுட்டுவிரலால் காட்டினார். மங்கிய கண்ணாடிக்குள் ஏதோ தெரிந்தது மாதிரி இருந்தது. தலையாட்டினேன்.

அந்தப் பேச்சை அதன்பிறகு எத்தனையோ இடங்களில் கேட்டுவிட்டேன். பள்ளி ஆண்டு விழா, மகளிர் குழுக் கூட்டம், காதுகுத்து, நிச்சயதார்த்தம். எங்கே விசேஷம் என்றாலும் சார் குப்பியோடு வந்துவிடுவார். யாராவது "சார் ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்று சொல்லும்வரை சாப்பிடாமல் காத்திருப்பார். வளைகாப்பில் மற்ற ஆண்கள் வெளியே பந்தலில் உட்கார்ந்து சீட்டு ஆடுவார்கள். இவர் உள்ளே பெண்கள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பேச்சு முடிந்ததும் வயதான பெண்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "ஆம்பளன்னா அந்த மீனு ஆம்பள" என்பார்கள். சார் லேசாகத் தலை குனிந்துகொள்வார், அந்தப் பிரசவம் தனக்கே நடந்தது போல.

மீன் கிடைத்த கதை மட்டும் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். கல்லூரிக் காலத்தில் சதுரங்கப்பட்டினம் கரையில், வலையை உதறிய மீனவர்கள் மணலில் விட்டுப்போனதைப் பொறுக்கிவந்தது என்று அவர் மனைவி எனக்குச் சொன்னார். பள்ளி விழாவில் அது முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்ததாக ஆனது. மகளிர் குழுவில் மூழ்கியே எடுத்துவிட்டார். சாருக்கு நீச்சல் தெரியாது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கமே போகமாட்டார்.

அவர் மனைவியை நான் பெரிம்மா என்று கூப்பிட்டேன். மெலிந்த உடம்பு. விடியும் முன்பே அவர் வாசல் பெருக்குகிற சத்தம் கேட்கும். அப்புறம் பால் கறக்கிற சத்தம், மோட்டார் போடுகிற சத்தம், அம்மிச் சத்தம். எல்லாச் சத்தங்களும் அடங்கிய பிறகு ஒரு இருமல் கேட்கும். அது சார் எழுந்துவிட்டார் என்று அர்த்தம். "நாஷ்டா ரெடியா?" என்ற குரல் பின்னாலேயே வரும்.

ஒருநாள் சிலிண்டர் வண்டிக்காரன் தெருவிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். பெரிம்மா அதைப் படி ஏற்ற முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். சார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குனிஞ்சி தூக்காத. முட்டி மடிச்சித் தூக்கு. முதுகெலும்புக்கு லோடு போவக் கூடாது."

"நீங்க ஒரு பக்கம் புடிங்களேன்."

"நான் கதவப் புடிச்சிக்கினு கீறேன்ல."

நான் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன். அப்போது நான் முழுகாமல் இருந்தேன், மூன்றாம் மாதம். அது தெரிந்ததும் பெரிம்மா பதறிப்போய் என் கையைத் தட்டிவிட்டார். சார் சொன்னார், "குழல்மீன்ல பாத்தியாம்மா, பொண்ணுக்கு இந்தக் கஷ்டமே கெடையாது."

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால் அவர் குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் மூன்றாவதாக எதையும் கேட்கமாட்டார்கள். என் வீட்டுக்காரரே, "ஒரு வாயில்லாப் பூச்சி, அவர ஏன் கரிக்கிற?" என்பார். அவர் சொல்லும்போது, நான்தான் பொல்லாதவளாகிவிட்டேனோ என்று யோசிப்பேன். மறுநாள் மதிலுக்கு அப்பால், "ஏய், டேங்க்ல தண்ணி கீதா, ஏறிப் பாரு" என்று குரல் கேட்கும். யோசனை நின்றுவிடும்.

என் பையன் பிறந்த பிறகு இரவும் பகலும் எனக்குப் பயமாகவே இருந்தது. மூச்சு விடுகிறானா என்று மூக்கருகில் கை வைத்துப் பார்ப்பேன். தூக்கம் வராத அந்த நாட்களில் கல்லூரிப் புத்தகங்களை எடுத்துப் புரட்டுவேன். அப்படித்தான் குழல்மீன் பக்கத்தை மறுபடி படித்தேன். சார் சொன்னதெல்லாம் சரிதான். அவர் சொல்லாததும் அதே பக்கத்தில் இருந்தது. சில வகைக் குழல்மீன்களில், பையில் இருக்கும் எல்லா முட்டையும் குஞ்சாகி வெளியே வருவதில்லை. சிலவற்றின் சத்தைத் தகப்பனே உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சக் குஞ்சுகள் பையை விட்டு நீந்திப் போய்விட்டால் அவை யாரோ, அது யாரோ.

இதை அவரிடம் சொன்னேன். மெதுவாக, சந்தேகம் கேட்கிற மாதிரி. "சார், சில முட்டைய அப்பாவே…"

"அதெல்லாம் டீட்டெயில்மா. ஜனங்களுக்குக் கருத்துதான் வேணும்."

அவருடைய ஒரே மகள் கவிதா பிரசவத்துக்கு வந்தபோது என் பையன் நடக்கத் தொடங்கியிருந்தான். அவளுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தது. பால் குடித்ததும் படுக்க வைத்தால் வாய் வழியே திரும்பிவரும். ஒரு தடவை புரை ஏறி உதடு நீலம் பாரித்துவிட்டது. காஞ்சிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். பால் கொடுத்த பிறகு அரைமணி நேரமாவது தோளில் நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும், உடனே படுக்க வைக்கக் கூடாது.

கவிதா அரசு வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வயிறு தள்ளிய நாளிலிருந்து, குழந்தைக்குப் பால் கொடுக்கிற நேரம் வரை, மடியில் புத்தகம் இருக்கும். வேலை கிடைத்தால்தான் தன் கையில் ஒரு பிடி இருக்கும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். "எங்கம்மா மாரி ஆவக்கூடாதுக்கா" என்றாள்.

குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று வீடு நிறைய ஜனம். சார் குப்பியை இறக்கினார். வழக்கமான பேச்சு. முடிவில் புதிதாக ஒன்று சேர்த்தார்.

"என் மகள் தேர்வு எழுதப்போகிறாள். அன்றைக்கு என் பேத்தியைச் சுமப்பது யார்? நான். இந்தத் தோள்தான் அவளுக்குப் பை."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கவிதா முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது, அதை நான் பார்த்தேன். அப்பாவை நம்பலாமா என்று எட்டிப் பார்க்கிற வெளிச்சம். அதற்காகத்தான் இன்றுவரை அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தேர்வுக்குச் சில நாள் இருக்கும்போது பெரிம்மா டேங்க் ஏணியிலிருந்து சறுக்கி விழுந்தார். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஏறியிருந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பார்க்க வந்தவர்களிடம் சார், "பெண்களுக்குக் கால்சியம் பத்தறதில்ல" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் மதிலருகில் போய், "சார், ஞாயித்துக்கிழமை பரீட்ச அன்னிக்குப் பாப்பாவ எங்க வூட்ல வுட்டுடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். கவிதாவின் கணவனுக்கு ஒரகடத்தில் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை.

"எதுக்கும்மா? அது என் கடமை. நாலு பேர் மத்தில சொல்லிகீறேன்."

கவிதா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மேலும் வற்புறுத்தினால் அவரை அவமதித்தது போல ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் கவிதா முதல் பஸ்ஸுக்குப் போனாள். பாலைப் பீய்ச்சி, கிண்ணத்தில் மூடி, ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள். சுடுதண்ணீரில் எப்படி வைக்க வேண்டும், பாலாடைச் சங்கில் எப்படிக் கொடுக்க வேண்டும், பிறகு எப்படித் தோளில் போட வேண்டும் எல்லாம் சாருக்குச் சொல்லிக் காட்டினாள். "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று அவர் சிரித்தது மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

நான் பையனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். குழந்தை அழுதது. நின்றது. மறுபடி அழுதது. பிறகு அழுகை ஒரு மாதிரி அறுந்து அறுந்து வந்தது. போகலாமா, போனால் சார் என்ன நினைப்பார் என்று ஒரு வாய் இட்லி நேரம் நின்றேன். பிறகு பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

கூடத்தில் பெரிம்மா மட்டும் இருந்தார். பழைய புடவை ஒன்றைத் தோளிலிருந்து குறுக்காகக் கட்டி, அந்தத் தூளிக்குள் குழந்தையை நெஞ்சோடு நிமிர்த்தி வைத்திருந்தார். முடிச்சை ஒரு கையாலும் பல்லாலும் போட்டிருக்க வேண்டும். நுனி ஈரமாக இருந்தது. மாவுக்கட்டுக் கையை அடியில் முட்டுக் கொடுத்திருந்தார். நெற்றி வேர்த்து ஊற்றியது. ரவிக்கை முழுக்கப் பால்.

"தூக்கிகினு நிக்க முடியல மே. கை உயிர் போவுது. பால் கொஞ்சம் வெளிய வந்துடுச்சி. இப்ப மூச்சி சரியா கீதா, பாரு."

பார்த்தேன். சரியாக இருந்தது. குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். டிவி மேலே பார்த்தேன். குப்பி இல்லை. அதனால் சார் எங்கே என்று கேட்கவேண்டியிருக்கவில்லை.

பெரிம்மாவே சொன்னார். "உத்ரமேரூர்ல கூட்டமாம். அப்பாமாருங்கள பத்தி. ரெண்டு வார்த்த பேசிட்டு வந்துர்றேன்னு பூட்டாரு."

"எப்போ?"

"கவிதா தெருமொன திரும்புனதும்."

அன்று மதியம்வரை நாங்கள் இருவரும் குழந்தையை மாற்றி மாற்றி வைத்திருந்தோம். என் பையன் தரையில் உட்கார்ந்து பெரிம்மாவின் மாவுக்கட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தான். பால் கொடுத்து, தோளில் போட்டு, கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். பெரிம்மா ஒருதடவை மட்டும் சொன்னார். "அவளுக்குச் சொல்லாத. பரீட்ச எப்டி எழுதுனாளோன்னு ஏற்கெனவே பேஜார்ல வருவா." சரி என்றேன். சொல்லாமல் எப்படி என்று தெரியவில்லை.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. கவிதா உள்ளே நுழைந்தாள். என் தோளில் குழந்தை, அம்மாவின் கழுத்தில் இன்னும் அவிழ்க்காத புடவை முடிச்சு, டிவி மேலே வெறும் வட்டத் தடம். மூன்றையும் வரிசையாகப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"எப்டி எழுதன?" என்றேன்.

"எழுதிட்டேன்க்கா. நல்லாத்தான் எழுதினேன்." குரல் தட்டையாக இருந்தது. குழந்தையை வாங்கி, கழுத்தில் மூக்கை வைத்து, அப்படியே நின்றாள்.

சாயங்காலம் போல சார் வந்தார். தோளில் ஜிகினாக் கரை போட்ட பொன்னாடை. மார்பில் துண்டு சுற்றிய குப்பி.

"வந்துட்டியாம்மா? பரீட்ச ஈஸியா? கூட்டம் நல்ல கூட்டம். எழுந்து நின்னு தட்னாங்க."

அவராகவே தொடர்ந்தார்.

"அம்மாகிட்ட சொல்லிட்டுதான் போனேன். பக்கத்துலயே இந்தப் பொண்ணு கீது. அதையெல்லாம் யோசிச்சி வெச்சிட்டுதான் கெளம்பனது."

கவிதா கிட்டே போனாள். அவர் கையிலிருந்த குப்பியைச் சட்டென்று எடுத்தாள். அவர் "ஏய், ஏய், ஆட்டம்…" என்பதற்குள் அதை என்னிடம் கொடுத்துவிட்டு, குழந்தையை அவர் கையில் வைத்தாள்.

"இப்பதான் பால் குடிச்சா நைனா. நிமித்திப் புடிங்க. நான் குளிச்சிட்டு வரேன்."

போய்விட்டாள். சார் இரண்டு கைகளையும் நீட்டியபடி, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வைக்க இடம் தேடுகிறவர் மாதிரி நின்றார். "ஏய், வா, புடி இத" என்று மனைவியைக் கூப்பிட்டார். பெரிம்மா நகரவில்லை. மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, "நெஞ்சோட சாச்சிப் புடிங்க, கவ்த்தாதிங்க" என்றார். அவர் அப்படி உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் கையில் குப்பி. துண்டு நழுவிக் கீழே விழுந்தது. இத்தனை நாளில் அதை நான் தொட்டதில்லை. தூரத்தில் நின்று, அவர் விரல் காட்டிய இடத்தைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திருப்பினேன். வெயில் நேராக உள்ளே விழுந்தது. குழாய் மூக்கு. நுனியில் சின்ன வாய். உடம்பு முழுக்க எலும்பு வளையங்கள், புதுப் பாக்கெட்டில் அடுக்கிய பிஸ்கட் மாதிரி. முதுகுத் துடுப்பு கரைந்து நாராக இருந்தது. மெதுவாகச் சுற்றி மீனின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். வாலுக்கு அடியில் பார்த்தேன். வயிற்றிலும் பார்த்தேன், ஏனென்றால் சில வகைகளில் முட்டை வயிற்றடியில் ஒட்டியிருக்கும். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

வழுவழுவென்று இருந்தது. மடிப்பில்லை. பிளவில்லை. பை இல்லை.

எனக்கு என் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்தது. ஃபார்மலினில் கிடந்து சுருங்கியிருக்குமோ, நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று மூன்றாம் தடவையும் திருப்பினேன்.

"சார், இதுல பை இல்லியே."

"சின்னதா இருக்கும். நல்லா பாரு."

"பாத்துட்டேன் சார். இல்ல. இது பொண்ணு மீனா இருக்கும். இல்லன்னா இன்னும் பருவத்துக்கு வராத ஆணா இருக்கும். முட்டை சொமந்த மீனு இல்ல இது."

அவர் குழந்தைக்கு மேலாக என்னைப் பார்த்தார். கோபமில்லை, கூச்சமில்லை. அவர் கண் குப்பியில் என் விரல்கள் பதிந்திருந்த இடத்தில் இருந்தது. சோபாவில் பொன்னாடையை மடித்துப் போட்டார். அதன்மேல் குழந்தையை மல்லாக்கக் கிடத்தினார். என்னிடமிருந்து குப்பியை இரண்டு கையாலும் வாங்கினார். கீழே கிடந்த துண்டை எடுத்து, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

குழந்தையை நான் அள்ளி எடுத்தபோது பால் கடைவாயில் வழியத் தொடங்கியிருந்தது. பொன்னாடையில் கொஞ்சம் பட்டுவிட்டது. அதையும் கவனித்தார். "ஐயய்யோ, கறை" என்றார்.

தலையில் துண்டோடு வெளியே வந்த கவிதா எல்லாவற்றையும் பார்த்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு கணவனுக்கு போன் செய்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் கார் வந்தது. அவளுடைய பை, குழந்தையின் பை ஏறிய பிறகு, மூன்றாவதாக ஒரு ஒயர்கூடையோடு பெரிம்மா வந்து நின்றார். மாவுக்கட்டுக் கையில் அல்ல, நல்ல கையில்.

"நீ எங்க?" என்றார் சார்.

"பேத்திகூட."

"அப்ப எனக்கு நாஷ்டா?"

பெரிம்மா ஏறி உட்கார்ந்தார். கார் கதவைச் சாத்த ஒரு கை போதும்.

பெரிம்மா அதன்பிறகு திரும்பி வரவில்லை. கவிதா தேறி வேலையில் சேர்ந்தாள். பேத்தி ஒரகடத்தில் பள்ளிக்கூடம் போகிறாள். சார் பஸ் ஸ்டாண்ட் மெஸ்ஸில் சாப்பிட்டார். மெலிந்தார். நான் சில நாள் குழம்பு கொடுத்தனுப்பினேன். பக்கத்து வீட்டு மனுஷன் பட்டினி கிடக்கக் கூடாதே என்றுதான். பாத்திரம் கழுவாமல் திரும்பி வரும்.

நாங்கள் செங்கல்பட்டுக்குக் குடிவந்த பிறகு ஒருமுறை சாலவாக்கத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். நடுக்கூடத்தில் நாற்காலி, அதில் சார், மடியில் குப்பி. என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது. பாவம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். பிறகு அவர் எழுந்து பேச ஆரம்பித்தார். பேச்சு முழுக்க அப்படியே இருந்தது, முடிவு மட்டும் புதிது.

"என் பேத்திக்காக நான் செய்தது சின்னத் தியாகம். வயதான காலத்தில் என் மனைவியையே அனுப்பிவைத்தேன். இன்றைக்கும் ஓட்டல் சாப்பாடு. சுமப்பவன்தான் தகப்பன்."

கிழவிகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். சார் குப்பியை உயர்த்தி, சுட்டுவிரலால் காட்டினார். "இதோ, அந்தப் பை."

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது வளைகாப்புப் பெண். கை நிறையக் கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம். கழுத்தை நீட்டி, கண்ணை இடுக்கி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்க, அத்தே? எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்று பக்கத்தில் மாமியாரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"சார் சொல்றாருல்ல? நல்லா பாரு, தெரியும்."

அந்தப் பெண் மறுபடி பார்த்தாள். அவள் தலை மெல்ல ஆடத் தொடங்குவதைப் பார்த்தேன். அதே மாதிரிதான் நானும் தலையாட்டியிருந்தேன். விசேஷ வீடு, பெரியவர், நமக்கெதற்கு என்று வாய்வரை வந்ததை விழுங்கப்போனேன். பிறகு முன்னால் சாய்ந்து, அவள் காதோரம் சொன்னேன்.

"அதுல ஒண்ணும் இல்ல கண்ணு. உனக்குத் தெரியாததுதான் சரி."